மூலம் என்று முடிவு கட்டும் முன்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே இருக்கிறது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1-ல் பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் தங்கியது. எல்லை பிரிந்தாலும் பேச்சு பிரியவில்லை. மலத்தில் ரத்தம் கண்டால் இங்கே தமிழில் மூலம், மலையாளத்தில் மூலக்குரு. பெரும்பாலும் அந்த முடிவு சரியாகவே இருக்கும். தவறாகும் சில பேருக்கு மாதக்கணக்கில் நேரம் வீணாகிறது.

அந்தச் சில பேரிடம் ஒளிந்திருப்பது பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய். 2022-ல் உலகில் சுமார் 19 லட்சம் பேருக்கு இது வந்தது. 9 லட்சம் பேர் இறந்தார்கள். மேல்நாடுகளைவிட இந்தியாவில் இது குறைவு. ஆனால் இங்கே மலக்குடல் புற்றுநோயின் பங்கு அதிகம்; இளம் வயதினரும் தப்புவதில்லை.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால்தான் நோய் உறுதியாகும். அடுத்த கேள்வி, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. அதற்குப் பதில் சொல்பவர் ரேடியாலஜிஸ்ட். ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது பேரியம் எக்ஸ்ரே மட்டுமே. ஆசனவாய் வழியாகப் பேரியம் கரைசலைச் செலுத்திப் படமெடுத்தால், கட்டி இருக்கும் இடம் கடித்துத் தின்ற ஆப்பிளின் நடுத்தண்டு போலத் தெரியும். கட்டி சுவரைத் தாண்டிவிட்டதா என்று அது சொல்லாது.

இன்று சி.டி. ஸ்கேன் நுரையீரலையும் கல்லீரலையும் அலசுகிறது. குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போவதால் நோய் பெரும்பாலும் முதலில் அங்கேதான் குடியேறும். மலக்குடல் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. அவசியம். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பும், அதற்கு மேல் மெல்லிய உறையும் உண்டு. கட்டி அந்த உறையை 1 மி.மீ. அளவுக்கு நெருங்கிவிட்டால், உடனே கத்தியை எடுப்பதில் ஆபத்து இருக்கிறது. கட்டியின் மிச்சம் உள்ளே தங்கி நோய் திரும்பலாம்.

அப்போது முதலில் கதிர்வீச்சு சிகிச்சை. ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். ஸ்வீடனில் 1,168 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1997-ல் வெளியானது. அறுவைக்கு முந்தைய வாரம் ஐந்து நாள் கதிர்வீச்சு தந்ததில், அதே இடத்தில் நோய் திரும்புவது ஐந்தாண்டுகளில் 27 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. பிழைத்தவர்கள் 48-லிருந்து 58 சதவீதமானார்கள். மருந்தோடு சேர்த்து ஐந்து வாரத்துக்கு மேல் தரும் முறையும் உண்டு.

நோயாளியை நோயைவிட அதிகம் மிரட்டுவது வயிற்றில் மாட்டும் பை. கட்டி ஆசனவாய்க்கு மிக அருகே இருந்தால் அதையும் சேர்த்து அகற்ற நேரலாம். பிறகு ஆயுள் முழுக்கப் பைதான். அந்தப் பயத்திலேயே சிகிச்சைக்கு வராமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. பிரேசிலின் டாக்டர் ஏஞ்சலிட்டா ஹப்ர்-காமா 2004-ல் ஒரு மாற்றைக் காட்டினார். கதிர்வீச்சும் மருந்தும் பெற்ற 265 பேரில் 71 பேருக்குக் கட்டி சுவடில்லாமல் மறைந்திருந்தது. அவர்களை அறுக்காமல் கண்காணித்தார். ஆனால் இப்படி விடப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கட்டி மறுபடி தலைகாட்டுகிறது. எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ.யும் குழாய்ப் பரிசோதனையும் தவறக்கூடாது. தவணை மறந்தால் பலன் போய்விடும்.

உதியன்குளங்கரைக்காரர்களுக்கு இதெல்லாம் எட்டாத சமாச்சாரமல்ல. திருவனந்தபுரத்தில் 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. முதல் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ரத்தப்போக்கு தொடர்ந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ பக்கத்து டாக்டரிடம் போகலாம். அவர் கையுறை மாட்டி விரலால் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வெட்கத்தை விட்டு அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்த பிறகுதான் ஸ்கேனுக்கு வேலை.