தொப்பி குறித்து ஒரு முறையீடு

1854 நவம்பரில் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையிலிருந்து ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய கடிதம் ஒன்றில் லாஃபீல்டு என்ற செவிலியரின் முறையீடு வருகிறது. எந்தக் கஷ்டத்துக்கும் தயாராகத்தான் வந்தேன், ஆனால் இந்தத் தொப்பி எல்லா முகத்துக்கும் பொருந்தாது, முன்பே தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்றாராம் அவர். பலரும் இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவசர அவசரமாகத் தைத்து, உடலளவு பாராமல் கொடுக்கப்பட்ட சாம்பல் நிற உடையையும் தொப்பியையும் பற்றி, அவற்றை உடுத்தி வேலை செய்தவர் சொன்ன கருத்து அது.

சீருடைக்கு அன்று வலுவான காரணம் இருந்தது. நைட்டிங்கேல் பயிற்சி பெற்ற ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில், 1836-இல் தொடங்கிய அமைப்பின் சகோதரிகள், மணமான நடுத்தரக் குடும்பப் பெண்களைப் போல நீல உடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்தார்கள். மணமாகாத பெண் அந்நிய ஆண்களின் படுக்கையருகே நிற்பதை ஊர் சந்தேகத்தோடு பார்த்த காலம். அந்த உடை அவர்களுக்குக் காவலாக இருந்தது.

காரணம் போன பிறகும் தொப்பி போகவில்லை. கூந்தலை மூடிய துணி சுருங்கிச் சுருங்கி, எதையும் மூடாமல் உச்சியில் நிற்கும் அடையாளமாயிற்று. எத்தனையாவது ஆண்டு மாணவி என்பதைச் சொல்ல அதில் கோடுகள் ஏறின. நான் பயின்ற நாட்களில் கஞ்சி போட்டு மடித்த தொப்பியைக் கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துவோம். குனிந்து நோயாளியைத் தூக்கும்போது டிரிப் ஸ்டாண்டில் இடித்துச் சரியும். ஊசி போட வேண்டிய கை தொப்பிக்குப் போகும். அதே கை மறுபடி நோயாளியிடம் வரும்.

கைப்பகுதியின் கதை வேறு. கஞ்சி போட்ட மணிக்கட்டுப் பட்டைகளை ஒருகாலத்தில் செவிலியர்கள் வேலையின்போது கழற்றி வைத்து, மேட்ரன் வருகிறார் என்றால் திரும்ப மாட்டிக்கொள்வார்கள். வேலைக்கு எது உதவும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. 2007-இல்தான் இங்கிலாந்து சுகாதாரத் துறையின் ஆவணம் ஒன்று, நோயாளியைத் தொடும் பணியில் முழங்கைக்குக் கீழே துணியோ கடிகாரமோ கூடாது என்றது. மணிக்கட்டுவரை ஒழுங்காகக் கழுவ முடிய வேண்டும் என்பதே காரணம். சீருடைதான் தொற்றைப் பரப்புகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் அதே ஆவணம் நேர்மையாகச் சொன்னது. 60 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் துவைத்தால் பெரும்பாலான கிருமிகள் நீங்கிவிடும் என்றது.

அந்த 60 டிகிரி நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? இரவுப் பணி முடித்து, அதே உடையில் பேருந்தேறி வீடு வந்து, குழந்தைகளின் துணியோடு ஒரே வாளியில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கிறோம். நிறம் நீலமா வெள்ளையா, புடவையா சுடிதாரா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசுகிற நிர்வாகங்கள் சலவையைப் பற்றியும் உடை மாற்றும் அறையைப் பற்றியும் பேசுவது அரிது. என்னைக் கேட்டால் நிறத்தைவிட இவை இரண்டும்தான் முதலில் வேண்டும். உடையை மருத்துவமனையே துவைத்துத் தரட்டும். ஒருவருக்கு மாற்றிக் கட்டப் போதுமான செட் இருக்கட்டும்.

துணிக்கு ஆர்டர் கொடுக்கும் முன், இரண்டு மாதிரிகளைத் தைத்து வார்டிலும் ஐ.சி.யு.விலும் பிரசவ அறையிலும் உள்ள செவிலியர்களை ஒரு மாதம் உடுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். பை எந்தப் பக்கம் வேண்டும், குனிந்தால் கழுத்து இறங்குகிறதா, மாதவிலக்கு நாளில் வெள்ளை எத்தனை சங்கடம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் மருத்துவமனையில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், என்ன கேட்டார்கள், பிறகு எது மாறியது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.