கடன் வாங்கியவருக்கு மட்டும்தானா அறம்?

சந்தைக்கும் அறத்துக்கும் சம்பந்தமில்லை, வட்டி என்பது பணத்தின் விலை, அவ்வளவுதான் என்று வாதிடுவோர் நுண்கடன் தொழில் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அங்கே அடகு வைக்க நகையோ பத்திரமோ கேட்பதில்லை. ஒரே தெருவைச் சேர்ந்த சில பெண்கள் குழுவாகச் சேர்கிறார்கள். ஒருவரால் தவணை கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். நிறுவனம் நம்பியிருப்பது அந்தப் பெண்களின் நாணயத்தை. சொன்ன நாளில் கட்டிவிட வேண்டும் என்ற கடமையுணர்வும், பக்கத்து வீட்டுக்காரி முன் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்ற அச்சமும்தான் இந்தத் தொழிலின் உண்மையான ஈடு. ஆகவே நிதிச் சந்தைக்குள் அறத்தைப் புதிதாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது, வாங்கியவர் தலையில் மட்டும் ஏற்றப்பட்டிருக்கிறது. கொடுத்தவருக்கும் அதே அறம் உண்டா என்பதே என் கேள்வி.

பெருந்தொழில் வாங்கும் கடனை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். கம்பெனி என்ற அமைப்பின் அடிப்படையே வரையறுக்கப்பட்ட பொறுப்பு. கம்பெனி நொடித்தால் பங்குதாரர் தான் போட்ட முதலை இழப்பார். அவர் வீட்டுப் பாத்திரத்தை யாரும் தூக்கிச் செல்ல மாட்டார்கள். 2016-இல் வந்த திவால் சட்டத்தின் கீழ் தீர்வுத் திட்டத்தோடு முடிந்த வழக்குகளில், கடன் கொடுத்தவர்கள் கோரிய தொகையில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பக் கிடைத்திருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொழிலில் தோற்றவர் மறுபடி எழ வழி இருப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோடிகளில் கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு எல்லை உண்டு. சில ஆயிரங்கள் வாங்கிய பெண்ணோ தன் கடனோடு அடுத்தவள் கடனுக்கும் பொறுப்பேற்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சந்தையின் இயல்பு என்று சொல்லிவிட முடியாது. இரண்டுமே மனிதர்கள் யோசித்து வகுத்த விதிகள்.

வாங்கியவரின் அறத்தை மட்டும் நம்பிக் கட்டிய தொழில் எப்படிச் சரியும் என்பதற்கு ஆந்திரம் சாட்சி. தொண்டு அமைப்பாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். நுண்கடன் நிறுவனம் 2010-இல் பங்குச் சந்தைக்கு வந்து ஏறத்தாழ 1,600 கோடி ரூபாய் திரட்டியது. முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். அதே காலத்தில் அம்மாநிலக் கிராமங்களில் பல நிறுவனங்கள் ஒரே வீட்டுக்குப் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. ஒன்றின் தவணையைக் கட்ட இன்னொன்றில் வாங்கினார்கள். வசூல் நெருக்கடியோடு தொடர்புபடுத்தப்பட்ட தற்கொலைகள் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு வசூலைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் கொண்டுவந்ததும், ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருந்த தவணைகள் அப்படியே நின்றுபோயின. நுண்கடனுக்காக 2006-இல் நோபல் பரிசு பெற்ற முகமது யூனுஸ், ஏழைகளின் கடனைப் பங்குச் சந்தை லாபத்துக்கான சரக்காக்கக் கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். சட்டம் கெடுபிடி செய்தால் முறையான நிறுவனங்கள் ஒதுங்கிவிடும், ஏழைகள் மீட்டர் வட்டிக்காரனிடம்தான் போக வேண்டியிருக்கும் என்பது அது. வெறும் பயமுறுத்தல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆந்திரத்தில் கடன் வரத்து நின்றபோது ஏழைக் குடும்பங்களும் அடிபட்டன. கட்ட முடிந்தவர்களும் கட்டாமல் விட்டார்கள் என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் அதீத வட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையைச் சொல்லித் தீக்குளித்து மாண்டது. சின்னக் கடனை வீடு தேடிக் கொடுத்து வசூலிக்கச் செலவு அதிகம் என்பதையும் ஏற்கிறேன். வங்கி வட்டிக்கே அதைக் கொடு என்று கேட்பது நியாயமல்ல. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது ஒன்றைத்தான்: அவசரத்தில் போடும் மொத்தத் தடை பயன்தராது. கொடுப்பவருக்குப் பொறுப்பே கூடாது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை என்று போற்றப்படும் ஆடம் ஸ்மித்கூட வட்டிக்குச் சட்ட உச்சவரம்பு வேண்டும் என்றுதான் 1776-இல் எழுதினார்.

யாருடைய அறம், அதை யார் அளப்பது என்று கேட்பவர்களும் உண்டு. அளவுகோலை ரிசர்வ் வங்கியே பாதி எழுதிவிட்டது. ஆந்திர நெருக்கடிக்குப் பின் 2011-இல் வட்டிக்கு 26 சதவீத வரம்பு வந்தது. 2022-இல் அது நீக்கப்பட்டு, ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதி வந்தது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. 2024 அக்டோபரில், அளவுக்கு மீறிய வட்டி உள்ளிட்ட காரணங்களுக்காக நான்கு நிறுவனங்கள் புதுக் கடன் வழங்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கைதான். ஆனாலும் வருமானத்தில் பாதி என்ற வரம்பை மீறிக் கொடுத்த கடனைக்கூட அந்தப் பெண்தான் முழுதாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது. விதியை மீறியது ஒருவர், சுமப்பது வேறொருவர்.

இங்கேதான் விதி மாற வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஏற்கெனவே எவ்வளவு கடன் இருக்கிறது என்பது கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்தும் வரம்பை மீறிக் கொடுத்தால், மீறிய பகுதியை அந்தப் பெண்ணிடமோ அவள் குழுவிடமோ கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கக் கூடாது. அந்த நட்டத்தை அதன் பங்குதாரர்கள் ஏற்கட்டும். ரிசர்வ் வங்கி இந்த ஒரு விதியைச் சேர்க்க வேண்டும்.