வாரண்டி முடிந்த மறுவாரம்

பதின்மூன்றாம் மாதம் டிவி பேனல் போகிறது. சர்வீஸ் சென்டரில் டிவி விலையில் பாதிக்கு மேல் சொல்லிவிட்டு, “பேசாம எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துடுங்க சார்” என்கிறார்கள். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். வாரண்டி அட்டையில் இருப்பது கம்பெனி தனக்குப் போட்டுக்கொண்ட கெடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘குறைபாடு’ என்பதைத் தரத்தை வைத்து வரையறுக்கிறது. அந்த வரையறையில் வாரண்டிக் காலம் பற்றிப் பேச்சே இல்லை. பழுது தயாரிப்பிலேயே இருந்தது என்றால், கெடு தாண்டியும் வழக்காடலாம்.

நிரூபிக்க வேண்டியது நாம் என்பதுதான் வில்லங்கம். மூடிய பெட்டிக்குள் எந்த கெப்பாசிட்டர் மட்டமானது என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தையும் நாமே முதலில் கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருளுக்கு விற்றவரே குறைந்தது இரண்டு ஆண்டு பொறுப்பு. முதல் ஓராண்டில் தெரியவரும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. நமக்கு வேண்டியது இந்த ஏற்பாடுதான். நீட்டித்த வாரண்டி என்று இன்னொரு பில் அல்ல.

இப்போதைக்கு, ஜாப் ஷீட்டில் பழுதின் காரணத்தை எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். கம்பெனி மசியவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.