வரவேற்பு மேசைக்கும் உண்டு உட்காரும் உரிமை



1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் மசோதாவை 2021 செப்டம்பரில் சட்டப்பேரவை நிறைவேற்றியபோது, அது ஜவுளிக்கடைப் பெண்களுக்கான சட்டம் என்றே பேசப்பட்டது. அவர்களுடைய தேவை பெரிது, மறுப்பில்லை. ஆனால் அச்சட்டத்தின் வரையறைக்குள் தங்கும் விடுதிகளும் வருகின்றன; தொழிற்சாலைகளின் எழுத்தர் பிரிவும் வருகிறது. ஆகவே சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவோருக்கு இந்தியிலும் வங்காள மொழியிலும் பதில் சொல்லும் வேலூர் லாட்ஜ் வரவேற்பாளருக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளின் முன் அலுவலகத்தில் வேலை செய்பவருக்கும் அந்த நாற்காலி உரியது.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் நாற்காலி ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கலாம், உட்கார விடுகிறார்களா என்பதே கேள்வி. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரத்தான் திருத்தம் வழிசெய்கிறது. நிற்பதே மரியாதை, வெளிநாட்டிலிருந்து கொள்முதலுக்கு வருபவர் என்ன நினைப்பார் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. நம் காலணிகளை வாங்கும் ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட் காசாளர்கூட உட்கார்ந்துதான் பில் போடுகிறார். வந்தவரை எழுந்து வரவேற்றுவிட்டு மீண்டும் அமர்ந்தால் மரியாதை குறைந்துவிடாது. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஜவுளிக்கடைகளோடு நிறுத்திக்கொள்ளாமல் லாட்ஜ்களுக்கும் தோல் கம்பெனி அலுவலகங்களுக்கும் செல்ல வேண்டும். நாற்காலியை எண்ணிவிட்டுத் திரும்பாமல், பணியாளரிடம் முதலாளி இல்லாத நேரத்தில் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஆம்பூர்