படுக்கைக் கணக்கில் ஒரு வஞ்சகம்

 

மேற்படிப்புக்குப் பெர்லின் செல்லும் நம் பிள்ளைகளுக்கு நொய்க்கெல்ன், வெட்டிங் ஆகிய பகுதிகளே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன. 1961இல் துருக்கியுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்வழி வந்த தொழிலாளர்கள் பலர் குடியேறிய பகுதிகள் அவை. பள்ளிவாசலும் ஹலால் இறைச்சிக் கடையும் அருகிலேயே உண்டு. ஆனால் பழைய மலிவு வாடகை இன்றில்லை.

இந்த நெருக்கடியை நம்மவர் சிலரே வாணிபமாக்குகின்றனர். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, உரிமையாளர் அறியாமல், படுக்கைக் கணக்கில் மாணவர்களுக்கு உள்வாடகைக்கு விடுகின்றனர். குடியிருப்புச் சான்று மட்டும் தருவதில்லை. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்வது ஜெர்மனியில் சட்டக் கடமை. சான்றின்றிப் பதிவில்லை, பதிவின்றி வசிப்பு அனுமதியும் சிக்கலாகும்.

“ஊர்க்காரனுக்குச் செய்யும் உதவிதானே?” என்கின்றனர். எது உதவி? விசாவுக்காக ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் கட்டிய தந்தை, கீரனூரில் நகையை அடகு வைத்திருப்பார். மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும் மாணவனிடம் முழு வாடகை வாங்கிக்கொண்டு அரை உரிமை தருவது, அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஓதுவோர் செய்யும் செயலா?

அத்தகையவர் விடுமுறையில் வந்து நன்கொடை நீட்டினால், ஜமாஅத் முன்வரிசையில் அமர்த்துவதற்குமுன் கேட்கட்டும்: இது எவருடைய பணம்?

பெற்றோரே, பயணச்சீட்டு வாங்குமுன் வாடகை ஒப்பந்தத்தைக் கேளுங்கள். பதிவுக்குரிய சான்று தராத வீடு, எவ்வளவு மலிவாயினும் வீடன்று.

சிந்திப்போமாக!