கட்டைவிரலுக்கு 30! யார் போட்ட கணக்கு?

சகோதரர்களே! உங்கள் வலது கைக் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக் கொள்ளுங்கள். அந்தக் கையாலேயே சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டு நோட்டை எண்ணிப் பாருங்கள். கத்தரிக்கோலைப் பிடித்து ஒரு முழம் துணியை வெட்டிப் பாருங்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் நம் சகோதரியைப் போல ஓர் இலையை எடுத்து, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கிப் பாருங்கள். முடிகிறதா?

முடியாது என்பது ஒரே நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அரசின் அட்டவணை வேறு கணக்குச் சொல்கிறது. ஊனத்தை அளப்பதற்காக மத்திய அரசு 2001ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கட்டைவிரல் அடியோடு போனால் அடிப்படை மதிப்பு 30 விழுக்காடு. 2018 ஜனவரியில் புதிய சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டுதலிலும் அதே 30 தான். அதிகம் புழங்கும் கை என்பதற்கும், கோணல், மடக்கம் போன்றவற்றுக்கும் சில புள்ளிகள் கூட்டலாம். அப்படிக் கூட்டினால்தான் 40ஐ எட்டிப் பார்க்கவே முடியும்.

அந்த 40ல் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? எல்லாமே அதில்தான் இருக்கிறது! 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 40 தான் எல்லைக்கோடு. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் 40 தான். அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு, இன்னும் பல நலத்திட்டங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். 39 வாங்கியவர் இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வெல்டிங் பட்டறையில் ஒரு கண்ணைப் பறிகொடுத்த இளைஞரை எடுத்துக் கொள்ளுங்கள். மற்றொரு கண்ணில் பார்வை நன்றாக இருந்தால், அட்டவணைப்படி அவருக்குக் கிடைப்பது 30 விழுக்காடு. கண் மருத்துவரின் கணக்கில் இதில் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பட்டறைக்காரர் அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்ப்பாரா? நெருப்புப் பொறி பறக்கிற இடத்தில், மிச்சமிருக்கிற ஒரு கண்ணை நம்பி அவரை நிறுத்துவதற்கு எந்த முதலாளிக்குத் துணிச்சல் வரும்? கண் மருத்துவமனைக்கு அவர் 30 விழுக்காடு ஊனமுற்றவர். அவருடைய தொழிலுக்கோ நூறு விழுக்காடு!

நாம் மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, காது எத்தனை டெசிபல் சத்தத்தைக் கேட்கிறது என்பதை அவர்கள் அளக்கிறார்கள். அது அவர்கள் படித்த படிப்பு. அந்த விரல் போனதால் ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி போனது என்பதை எந்தக் கருவி அளக்கும்? அதைச் சொல்ல வேண்டியவர் அந்தக் கூலியை இழந்தவர். அவரைக் கேட்காமல் எழுதப்பட்ட அட்டவணைதான் இன்று மெடிக்கல் போர்டின் மேசையில் கிடக்கிறது. இதுதான் நம் புகார்.

பணத்தின் கதையையும் கேளுங்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 40 போதாது, 80 விழுக்காடு வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் மத்திய அரசு தன் பங்காகத் தரும் தொகை மாதம் 300 ரூபாய். 2012ல் 200ஐ 300 ஆக்கினார்கள், அதோடு நின்றுவிட்டது. 2012ல் பிரியாணி என்ன விலை விற்றது என்று வியாபாரிகளான உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை! தமிழக அரசு தன் நிதியைச் சேர்த்துக் கொடுக்கிறது. 2023 ஜனவரியில் 1,000 ரூபாய் 1,500 ஆனது. அந்த வகையில் நம் மாநிலத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சான்றிதழே கையில் இல்லாதவருக்கு 1,500 என்ன, 15,000 என்ன?

இந்த அளவுகோலை எழுதுவது யார்? எப்போது எழுதுகிறார்கள்? எழுதும்போது நம்மைக் கேட்கிறார்களா?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 100ஆவது பிரிவின்படி மத்திய அரசு விதிகள் போட வேண்டுமென்றால், முதலில் வரைவை அரசிதழில் வெளியிட்டு, மக்களின் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த ஊனத்துக்கு எத்தனை விழுக்காடு என்று அளக்கும் வழிகாட்டுதலைப் பற்றிப் பேசுவது 56ஆவது பிரிவு. அதில் 'மத்திய அரசு அறிவிக்கும்' என்பதோடு சரி. முன்கூட்டி வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை! அட்டையின் நிறத்தை மாற்ற மக்களைக் கேட்க வேண்டுமாம், அட்டையே கிடைக்குமா கிடைக்காதா என்று தீர்மானிக்கும் கணக்குக்குக் கேட்க வேண்டியதில்லையாம். தலைவாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான் இது.

2024ல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் திருத்தப்பட்ட வழிகாட்டுதல் வந்தது. ஆண்டின் நடுப்பகுதியில் விதிகளைத் திருத்தும் வரைவு வந்தது. அதற்கு ஆட்சேபணை கேட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்து எழுதின. அக்டோபரில் விதிகள் இறுதியாகிவிட்டன. முன்பு ஒரு மாதத்துக்குள் தர வேண்டியிருந்த சான்றிதழுக்கு இப்போது மூன்று மாதம் கெடு. இரண்டு ஆண்டுகள் முடிவாகாமல் கிடந்த விண்ணப்பம் செயலற்றுப் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு மூன்று பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்கு வரும் தாய்க்கு இந்த மூன்று மாதம் என்னவென்று டெல்லியில் யார் எடுத்துச் சொன்னது?

அதே 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், வக்ஃப் திருத்த மசோதாவுக்கு நாடாளுமன்றக் கூட்டுக்குழு கருத்துக் கேட்டது நினைவிருக்கிறதா? பள்ளிவாசல் வாசல்களில் இளைஞர்கள் கைபேசியும் கையுமாக நின்றார்கள். ஜும்ஆ முடிந்து வந்தவர்களையெல்லாம் நிறுத்தி மின்னஞ்சல் அனுப்ப வைத்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் போய்க் குவிந்தது. கருத்துச் சொல்லத் தெரியாத சமுதாயமல்ல இது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்த வாசலிலேயே சற்றுத் தள்ளி, துண்டை விரித்து, கால் சூம்பிய ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அவருக்கான விதிகளும் அதே நாட்களில்தான் டெல்லியில் மாறிக் கொண்டிருந்தன. அவருடைய துண்டில் பத்து ரூபாய் விழுந்தது. அவருக்காக ஒரு மின்னஞ்சல் போனதா?

கண் தெரியாத நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரியும். குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடந்து கொண்டிருந்த நேரத்தில் அவர் கேள்வி கேட்டு வந்தார். அவர் பக்கம் முகம் திரும்பாதது குறித்து அல்லாஹ் ஓர் அத்தியாயத்தையே இறக்கினான். அவர் கேட்டு வந்தது காசு அல்ல. தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தார். பின்னாளில் அவர் மதீனாவில் பாங்கு சொன்னார், நபிகளார் (ஸல்) வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்.

"எழுதிப் போட்டு என்ன ஆகப் போகிறது பாய்?" என்று கடையில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு நம்மிடம் பதில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழே ஏழு வகை ஊனங்கள்தான் இருந்தன. 2014ல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவில் 19. மாற்றுத்திறனாளிகள் சும்மா இருக்கவில்லை. தெருவில் இறங்கினார்கள், நிலைக்குழுவிடம் முறையிட்டார்கள். 2016 டிசம்பரில் சட்டம் நிறைவேறியபோது அது 21 ஆகியிருந்தது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும், பார்க்கின்சன் நோயாளிகளும் உள்ளே வந்தார்கள். தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் 34ஆவது பிரிவின் வேலை இடஒதுக்கீட்டில் ரத்த நோயாளிகளுக்கு இடமில்லை. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக் கொண்டே பட்டப்படிப்பு முடித்த பிள்ளைக்கு அட்டை உண்டு, வேலையில் ஒதுக்கீடு இல்லை! இதையும் யாராவது எழுதத்தான் வேண்டும்.

நீதிமன்றமும் இந்த விழுக்காட்டு மோகத்தைக் கண்டித்திருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக் கொள்ளும் நோயுள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு உதவியாளர் கேட்டார். 40 விழுக்காடு இல்லை என்று மறுத்தார்கள். 40 என்பது இடஒதுக்கீட்டுக்கான அளவு, மற்ற எல்லா உரிமைக்கும் அதையே வேலியாகப் போடக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்பு வழக்கு ஒன்றில், விழுக்காட்டை மட்டும் பார்த்துத் தள்ளாதீர்கள், அந்த மாணவரால் படிக்க இயலுமா என்று பாருங்கள் என்றது. வெறும் எண்ணை விட்டு மனிதனின் இயக்கத்தைப் பார் என்பதுதான் இரண்டு தீர்ப்பின் சாரமும்.

போலிச் சான்றிதழ் விவகாரம் உண்மைதான். 2024ல் பயிற்சியில் இருந்த ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி மீது எழுந்த குற்றச்சாட்டை நாடே பேசியது. ஏமாற்றுபவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஏமாற்றுபவனுக்கு வக்கீலும் உண்டு, வசதியும் உண்டு. கெடுபிடி கூடக் கூட வரிசையிலிருந்து விழுபவன் விறகுக்கடைக் கூலிதான்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான். 56ஆவது பிரிவின் வழிகாட்டுதலை இனித் திருத்தும்போது அதையும் வரைவாக வெளியிடுங்கள். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007ல் ஏற்று உறுதி செய்தது. முடிவெடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளை நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதன் நான்காவது பிரிவு சொல்கிறது. அந்தக் கையெழுத்துக்கு மதிப்புக் கொடுங்கள். வரைவைத் தமிழிலும் கொடுங்கள். ஆங்கிலமும் இந்தியும் மட்டும் போட்டு முப்பது நாள் அவகாசம் என்றால் அது யாருக்கு அவகாசம்? 2020ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மரத்துக்கும் மலைக்கும் கேட்கப்பட்டதை மனிதனுக்குக் கேட்பது பெரிய சலுகை அல்ல.

இனி, இளைஞர்களே, வியாபாரப் பெருமக்களே, உங்கள் வேலைக்கு வருவோம். வரைவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆலோசனை மனுவை எந்த நாளிலும் அனுப்பலாம். உங்கள் மஹல்லாவில் சான்றிதழ் மறுக்கப்பட்டவர், 40க்குக் கீழே நிறுத்தப்பட்டவர் யார் யார் என்று முதலில் வீடுவீடாகக் கேளுங்கள். எல்லா வீட்டுக்கும் போங்கள், முஸ்லிம் வீடு மட்டும் என்று பார்க்காதீர்கள். அவர் சொல்வதை அவர் வாயாலேயே எழுதுங்கள். அழுது புலம்பும் மனு குப்பைக்குப் போகும். என்ன தொழில், முன்பு ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி, இப்போது எத்தனை, சான்றிதழில் போட்ட எண் என்ன, அட்டவணையின் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள்.

இங்கேதான் வியாபாரிகள் தேவைப்படுகிறார்கள். உங்கள் கூலிப் பேரேட்டில் அந்தத் தையல்காரரின் பழைய வாரக் கூலியும் இருக்கிறது, விரல் போன பிறகு கொடுத்ததும் இருக்கிறது. எந்த மருத்துவரிடமும் இல்லாத அளவுகோல் அது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, உங்கள் கடை முத்திரையோடு ஒரு கடிதம் கொடுங்கள். கூலிக் கணக்கு வெளியே போனால் வேறு தொல்லை வருமோ என்று சிலர் தயங்கலாம். சட்டப்படி கூலி கொடுத்தவருக்கு என்ன பயம்?

மெடிக்கல் போர்டு கொடுத்த எண்ணில் குறையிருந்தால், 59ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அதையும் அவருக்குச் சொல்லுங்கள். மனுவை டெல்லியிலுள்ள மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, நகலைச் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கும், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். தபால் ரசீதை மனுதாரரின் பெயரெழுதிக் கிளை அலுவலகக் கோப்பில் வையுங்கள். மனுவில் கையெழுத்துப் போட முடியாதவரிடம் கைநாட்டு வாங்குங்கள். கட்டைவிரல் இல்லாதவரானால் அடுத்த விரலின் ரேகையை வைத்து, அது எந்த விரல் என்று பக்கத்தில் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள்.