சுருளுக்கும் உண்டு பொருத்தம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகையும் கையுமாக அமர்ந்திருந்தேன். வாசலில் முச்சக்கர வண்டியொன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் என் அக்காவும் அவளுடைய மகனும். மருமகனின் தோளில் நீண்ட பையொன்று தொங்கிற்று. அக்காவின் முகத்தில் கவலை தெரிந்தது.

"தம்பி, இவன் சொல்வது சரியா பிழையா என்று நீதான் சொல்ல வேண்டும். நாளைக்கு என் சங்கிலியை அடகு வைக்கப் போகிறானாம்" என்றாள் அக்கா.

பையைத் திறந்தான் பையன். உள்ளே, மெட்டல் டிடெக்டர் என்று எல்லோரும் அழைக்கும் உலோகங் காணுங் கருவி இருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய சிநேகிதன் ஒருவன் அதை இவனிடம் விட்டுச் சென்றிருக்கிறான். அதன் அடியில் பத்து அங்குல நீளமுள்ள சுருள் பூட்டியிருந்தது. பையில் தட்டம்போன்ற இன்னொரு சுருளும் கிடந்தது. அதன் விட்டம் பதினைந்து அங்குலம். அதை விற்க முன்வந்தவர், ஒருநாள் பரீட்சித்துப் பார்க்கும்படி கொடுத்திருந்தார். விலை, அக்காவின் ஒன்றரைப் பவுண் சங்கிலிக்கு அடகுக் கடையில் கிடைக்கக்கூடிய தொகை.

"கொயில் பெரிதானால் ஆழமும் கூடுந்தானே, மாமா? லக்கலைப் பக்கம் ஆற்றங்கரையில் தேடலாம் என்றிருக்கிறேன். அவுஸ்திரேலியாவில் ஒருவருக்கு இப்படித்தானே இருபத்தேழு கிலோ தங்கம் கிடைத்தது?" என்றான் மருமகன்.

அவன் சொன்னது கட்டுக்கதையன்று. 1980 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இத்தகைய கருவியொன்றின் உதவியால் 27 கிலோவுக்கு மேற்பட்ட தங்கக் கட்டி ஒன்று கண்டெடுக்கப்பட்டது உண்மையே. ஆயினும் ஊருக்கு ஊர் மண் வேறு. மண்ணுக்கு மண் பொன்னும் வேறு. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், சுருள் வாங்குவதற்கு மூன்று பொருத்தமாவது பார்க்க வேண்டாமா? அன்று அவனுக்குச் சொன்னதையே இன்று வாசகர்களுக்கும் சொல்கிறேன். பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில், கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது, அதைச் சுற்றி மாறுகின்ற காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலம் மண்ணுள் இருக்கும் உலோகத்தைத் தொட்டதும், உலோகத்தினுள்ளே சிறு சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அந்த ஓட்டங்கள் தமக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. அந்த எதிரொலியையே கருவி ஓசையாக மாற்றி நம் காதுக்குத் தருகிறது. கருவிக்குத் தங்கத்தின் நிறமும் தெரியாது, விலையும் தெரியாது. மின்சாரம் ஓடக்கூடிய பாதையொன்று அங்கே இருக்கிறது என்பதே அதற்குத் தெரியும்.

இந்த விஞ்ஞானம் புதியதன்று. 1881 இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் அவருடைய உடலில் தங்கிய குண்டைத் தேடுவதற்கு இத்தகைய கருவியையே கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையிலிருந்த உலோகக் கம்பிகள் கருவியைக் குழப்பியதாகச் சொல்வார்கள். தேடும் பொருளைவிடச் சுற்றியுள்ள பொருள் உரத்துப் பேசினால் கருவி ஏமாந்துபோகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பொருத்தங்களுக்கு வருவோம். முதலாவது, கருவிக்கும் சுருளுக்கும் உள்ள பொருத்தம். இணைப்பு முனை சரியாகப் புகுந்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு சுருளுக்கும் தூண்டற்றிறன் என்றொரு குணம் உண்டு. கம்பியின் சுற்றுகளும் விட்டமும் அதை நிருணயிக்கின்றன. கருவியின் அதிர்வெண்ணுக்கு இசைய அது அமைந்திருக்க வேண்டும். பிஷர் கம்பனியின் 'கோல்ட் பக் 2' செக்கனுக்கு 71,000 தடவை அதிர்வது. அதே கம்பனியின் 'கோல்ட் பக் புரோ' 19,000 தடவை அதிர்வது. பெயரில் சகோதரர்கள்; ஆனால் ஒன்றின் சுருள் மற்றதற்கு உதவாது. மைன்லாப் கம்பனியின் 'ஜீ.பி.எக்ஸ். 5000' அதற்கு முந்திய பல கருவிகளின் சுருள்களை ஏற்றுக்கொள்ளும். 2021 இல் வந்த 'ஜீ.பி.எக்ஸ். 6000' அவற்றை ஏற்காது. இன்னொன்றும் உண்டு. சில கருவிகள் இடைவிடாது அலையைச் செலுத்துபவை. வேறு சில துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி, இடையே மௌனமாக இருந்து எதிரொலியைக் கேட்பவை. ஒரு வகைக்கெனச் செய்த சுருளை மறுவகையில் மாட்டக் கூடாது. ஆகவே, விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், சுருளின்மேல் பொறித்துள்ள மாதிரி இலக்கத்தைக் கருவியின் கைந்நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருமகன் கொண்டுவந்த பெரிய சுருள் இந்தப் பொருத்தத்தில் தேறிவிட்டது. பையனின் முகம் மலர்ந்தது.

இரண்டாவது, பொன்னின் அளவுக்கும் சுருளின் அளவுக்கும் உள்ள பொருத்தம். பெரிய சுருளின் புலம் ஆழமாகவும் அகலமாகவும் பரவும். ஆழத்தில் பெரிய கட்டி இருந்தால் அதற்கு இது ஏற்றதே. ஆனால் அகலமாகப் பரவிய புலம், நெல்மணி போன்ற சிறு துண்டின்மீது மிக மெலிதாகவே படும். சிறு சுருளோ தன் வலிமையை ஓரிடத்திற் குவிக்கிறது. மேலாக உள்ள சிறு துண்டையும் தொட்டு எழுப்புகிறது. 'கோல்ட் பக் 2' கருவிக்கு ஆறரை, பத்து, பதினான்கு அங்குலம் என மூன்று அளவுகளிற் சுருள்கள் செய்ததன் காரணமும் இதுவே. ஆழத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. சிறு பொருளொன்று சுருளின் அளவைவிட வெகு தூரத்தில் இருக்கும்போது, தூரம் இரட்டித்தால் எதிரொலி ஏறக்குறைய அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சின்னஞ்சிறு துகள்கள் மூன்றடி ஆழத்திலிருந்து பேசும் என்பது வெறும் ஆசை வார்த்தை.

மூன்றாவது, மண்ணுக்கும் சுருளுக்கும் உள்ள பொருத்தம். நமது செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு உண்டு. ஆற்று மணலில் இல்மனைற்று, மக்னற்றைற்று போன்ற கனத்த கருமணல் படிந்திருக்கும். பெல்லுக்கு மெத்தைக் கம்பிகள் செய்த வேலையை நமக்கு இவை செய்கின்றன. சுருள் பெரிதானால் ஒரே தடவையில் அதன்கீழ் அகப்படும் மண்ணும் அதிகம். மண்ணின் கூச்சலும் அதிகம். 'டி' என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் இரண்டு சுற்றுகளைச் சிறிது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் செய்யும் இரட்டை 'டி' சுருள்கள் இத்தகைய மண்ணைப் பொதுவாக நன்கு சமாளிப்பவை. அவற்றிலும் சிறியதே கருமணலுக்கு நல்லது.

"வாயால் சொன்னது போதும், பரீட்சித்துப் பார்ப்போம்" என்று முற்றத்துக்குச் சென்றோம். வடக்கே கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர்கள், அவர்களுள் பெண்கள் பலர், வேலை தொடங்குமுன் தெரிந்த பொருளொன்றின்மேல் கருவியைப் பிடித்து, அது கேட்கிறதா என்று உறுதி செய்த பின்னரே நிலத்திற் கால் வைக்கிறார்கள். உயிரைப் பணயம் வைப்பவர்களின் அந்த வழக்கம் பணத்தைப் பணயம் வைப்பவனுக்கும் வேண்டியதே.

முதலில் அக்காவின் மோதிரத்தைப் பலகைமேல் வைத்தோம். பெரிய சுருள் ஆறு அங்குல உயரத்திலிருந்தே உரக்க ஒலித்தது. "பார்த்தீர்களா!" என்றான் மருமகன். அடுத்து, சிகரெட் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளித்தாளை வைத்தேன். அதற்கும் அதே ஓசை. பையன் பேசவில்லை. மூன்றாவதாக, அக்கா தன் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றித் தந்தாள். மெல்லிய கண்ணிகள் கோத்த பழைய சங்கிலி. பெரிய சுருளை ஆறு அங்குலத்திற் பிடித்தோம், ஓசையில்லை. நான்கு அங்குலத்துக்கு இறக்கினோம், அப்போதும் ஓசையில்லை. சிறிய சுருளை மாட்டி மிக அருகே கொண்டுவந்தபோது, மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. அதுவும் சங்கிலியின் ஓசையன்று. அதன் கொளுக்கியின் ஓசை.

"மோதிரம் பேசுகிறது, அதைவிடப் பாரமான சங்கிலி ஏன் மாமா பேசவில்லை?" என்று கேட்டான்.

மோதிரம் முடிவில்லாத வட்டம். மின்னோட்டம் அதனுள் தடையின்றிச் சுற்றி வரும். சங்கிலியோ நூற்றுக்கணக்கான சிறு வட்டங்களின் கோவை. கண்ணிகள் ஒன்றையொன்று தளர்வாகவே தொடுவதால் ஓட்டம் அவற்றைத் தாண்டிச் செல்லாது. ஆகவே கருவிக்கு அது பன்னிரண்டு கிராம் தங்கமன்று; தனித்தனியே கடுகளவு தங்கம். கடுகளவின் குரல் அதற்குக் கேட்பதில்லை.

"ஆற்று மணலில் தங்கம் இருந்தால் அது எந்த உருவில் இருக்கும் என்று நினைக்கிறாய்? மோதிரம்போலவா, சங்கிலிபோலவா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். பையன் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இலங்கையில் மாணிக்கக் கற்களுக்காக மணலை அலசுவோரின் கூடையில் எப்போதாவது பொன் துகள்கள் மின்னுவதுண்டு. அவை தூள், கட்டியல்ல. எலஹெர, களு கங்கைப் பக்கங்களில் மக்கள் பிழைப்பது மாணிக்கத்தால், பொன்னால் அல்ல. இந்நாட்டில் வர்த்தக அளவிலான தங்கச் சுரங்கமும் இல்லை. தங்கத் தூளைப் பிரிக்க வேண்டுமானால், அதன் பாரத்தையே துணைகொண்டு நீரில் அலசுவதுதான் வழி. பொன் நீரைவிட 19 மடங்கு பாரமானது. மணல் அடித்துச் செல்லப்படும், பொன் அடியில் தங்கும். அந்த வேலைக்கு எந்தச் சுருளும் வேண்டாம்.

தங்கம் உண்மையாகவே உள்ள நிலத்திலும் கணக்குப் பிழைப்பதுண்டு. நம் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றவர்களிற் பலர், நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலே குடியேறினர். அந்த மண்ணுக்குப் பொன்னின் கதையொன்று உண்டு. 1880 ஆம் ஆண்டளவில் அங்கும் அடுத்துள்ள வயநாட்டிலும் தங்கம் இருப்பதாகச் செய்தி பரவ, இலண்டனிலே முப்பதுக்கு மேற்பட்ட கம்பனிகள் தோன்றின. கோடிக்கணக்கில் மூலதனம் சேர்ந்தது. தேவாலாவிலும் பந்தலூரிலும் யந்திரங்கள் இறங்கின. பாறையில் தங்கம் இருந்தது பொய்யன்று. செலவை ஈடுசெய்யும் அளவுக்கு அது இல்லை என்பதே உண்மை. இரண்டொரு வருடங்களில் கம்பனிகள் சரிந்தன. பங்கு வாங்கிய குடும்பங்களின் சேமிப்பும் அவற்றோடு போயிற்று.

இவற்றோடு சட்டத்தையும் மறத்தலாகாது. தம்புள்ளை, சிகிரியா, நாலந்தா, அலுவிகாரை யாவும் நமது மாத்தளை மாவட்டத்தில் உள்ளவை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதியின்றித் தொல்பொருளுக்காக நிலத்தைத் தோண்டுவது குற்றமாகும். பழைய இடமொன்றின் அருகே கருவியும் மண்வெட்டியுமாக நிற்பவன், "நான் ஆற்றுத் தங்கந்தான் தேடினேன்" என்றால் யார் நம்புவார்? கனியங்களைத் தேடுவதற்கும் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாணிக்கம் அகழ்வதானால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிடம் செல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து கருவியையோ சுருளையோ தருவிக்க எண்ணுவோர், பணம் அனுப்புமுன் சுங்கத்திணைக்களத்திடம் எழுத்து மூலம் விசாரித்துக்கொள்வது நன்று.

ஆகவே, அனுமதி பெற்று, தங்கக் கட்டிகள் கிடைக்கும் தேசமொன்றிலே தேடும் வாய்ப்பு உங்களுக்கு வருமானால், சுருளை இவ்வாறு தெரிவு செய்யுங்கள்: கருவியின் மாதிரி இலக்கத்தை முதலிற் பாருங்கள். சிறு துண்டுகளுக்கும் கருமணலுக்கும் சிறிய சுருளை எடுங்கள். பெரிய சுருளை, அமைதியான மண்ணில் ஆழத்திலுள்ள பெரிய கட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்குமுன், தேட விரும்பும் பொருளின் அளவிலேயே ஒரு துண்டை வைத்துப் பரீட்சியுங்கள். மோதிரத்தை வைத்துப் பரீட்சித்தால் எந்தச் சுருளும் நல்ல சுருளாகவே தோன்றும்.

மருமகன் பெரிய சுருளைத் துடைத்துப் பையில் வைத்தான். "இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், மாமா. கருவியையும் சிநேகிதனிடமே கொடுத்துவிடுகிறேன்" என்றான். குரலில் ஏமாற்றம் இருந்தது. வேலையின்றி இருக்கும் இளைஞனின் ஏமாற்றம் அது. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒரு தொழிலுக்காகத்தான் அவன் அந்தப் பையைத் தோளில் தூக்கினான். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியல் வகுப்பொன்று இருப்பதைச் சொன்னேன். சுருள் சுற்றுவது எப்படி என்று அங்கே கற்பிப்பார்களா என்று கேட்டான். மோட்டார்ச் சுருள் சுற்றக் கற்பிப்பார்கள் என்றேன். விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று உடனே விசாரித்தான்.

அக்கா சங்கிலியை மீண்டும் அணிந்துகொண்டு, கொளுக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருதடவை தடவிப் பார்த்தாள்.